கைமாறிய காப்பு

காப்பு வீட்டுக்கு வந்த முதல் நாளே அதற்கும் சண்முகக்கனிக்கும் ஆகவில்லை. மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, தம்பி பெண்டாட்டிக்கு ஆசை ஆசையாக ஊற்றிச் சாப்பிட வைத்திருந்தாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் அந்தப் பிள்ளையின் மணிக்கட்டிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், நல்லாப் படித்த குரல், "உணவில் உப்பு அதிகமாக உள்ளது. தயவுசெய்து குறைத்துக்கொள்ளவும்" என்றது.

"யாருட்டி இவ, என் குழம்புக்குக் குத்தம் சொல்லுதது?" என்றாள் கனி.

வர்ஷினிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மைனி, உங்களுக்கு ஒரு மாமியா வந்துட்டா" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குக் காப்புக்காரி என்று பெயர்.

அன்று காலையில்தான் நர்சம்மா எஸ்தர் அதைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தாள். பார்க்க ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. விரல் தடிமனில் சாம்பல் நிற வளையல், நடுவில் கடுகளவு ஒரு விளக்கு. பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி வண்டி வாசலுக்கே வந்துவிடும். மாதம் ஏற ஏறக் கை வீங்கும் என்று ஒரு சுற்றுப் பெரிதாகவே கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம் தொடங்கிய எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அரசாங்கம் இலவசமாகத் தருவது, முள்ளந்துறையில் மட்டும் அந்த வருஷம் பதினெட்டுப் பேர் கையில் இருந்தது.

"இது எதுக்கு நர்சம்மா, அழகுக்கா?" என்று வர்ஷினி கேட்டதற்கு எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷமாக இதே வேலை. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

"ஏழு மாசத்துக்கு மேல ரத்தம் பட்டா எதுக்குப் படுதுன்னு தெரியாமலே போய்ச் சேந்தவளுவ எத்தன பேரு தெரியுமா? பிரசவம் நெருங்கையில கோழை மாதிரி கொஞ்சம் ரத்தம் கலந்து வரும், அது நல்லது, வாசல் தெறக்குதுன்னு அர்த்தம். வலியே இல்லாம செவசெவன்னு கொட்டுச்சுன்னா நஞ்சுக்கொடி கீழ எறங்கி வாசல மறிச்சுக் கெடக்குன்னு அர்த்தம். அப்ப ஒருத்தியும் கைய விட்டுப் பாக்கப்படாது, பாத்தா தீந்துச்சு. இன்னொண்ணு இருக்கு. பிரஷர் ஏறி, புள்ள வெளிய வாரதுக்கு முன்னயே நஞ்சுக்கொடி உள்ளுக்குள்ள பிச்சுக்கிடும். வெளிய ரெண்டு சொட்டுதான் படும், மிச்ச ரத்தமெல்லாம் உள்ளயே தேங்கிக்கிடும். இருக்கதுலயே அதுதான் ஏமாத்துக்காரி."

"பயங்காட்டாதீங்க நர்சம்மா" என்றாள் கனி.

"பயங்காட்டல பிள்ள. வெளிய பாத்தா எல்லாம் ஒரே ரத்தந்தான். எது எதுன்னு இந்தக் காப்புதான் சொல்லும். வேர்வைய மோந்தே நஞ்சுக்கொடி எப்படி இருக்குன்னு கண்டுபிடிச்சிரும். பிரஷரு, நாடி எல்லாம் ராப்பகலா வண்டி அனுப்புத மையத்துக்கு எழுதி அனுப்பிக்கிட்டே இருக்கும். தாலுகாவுக்கு மூணே வண்டி. முன்னயெல்லாம் எவன் சத்தமாக் கத்துதானோ, எவனுக்கு ஆளு தெரியுமோ, அவன் வீட்டுக்குத்தான் மொதல்ல வண்டி போவும். இப்ப காப்புக்கு எல்லாரும் ஒண்ணு. சிவப்பு எங்க எரியுதோ அங்க வண்டி. இது வந்தபொறவு சாவு பாதியாக் கொறஞ்சிருக்கு, நான் கண்ணால பாத்தவ."

கழற்றலாமா என்றும் வர்ஷினி கேட்டாள். எஸ்தர் கையை ஆட்டினாள். "குளிக்கையிலகூட வேண்டாம். போன மாசம் கீழத்தெருவுல ஒருத்தி மாவாட்டுத நேரத்துக்கு அவ மாமியா கையில மாட்டிவிட்டா. கா மணி நேரத்துல எனக்குப் போனு. ஆளு யாருன்னு அது பாக்காது, பாக்கப்படாதுன்னு சட்டம் போட்டிருக்கு. போட்டிருக்கவ கர்ப்பிணியா இல்லையான்னு மட்டும் பாக்கும். இல்லன்னா ஊரக் கூட்டிரும்."

இந்தக் கடைசிப் பேச்சைக் கனி காதில் வாங்கினாளா என்றால், வாங்கினாள். பின்னால் அதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கப்போகிறாள்.

கனிக்கு முப்பத்தொன்பது வயது. கட்டிக்கொடுத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. புருஷன் நயினார் உப்பளத்தில் பம்பு ஓட்டுகிறான், பச்சைப்பிள்ளை மாதிரி குணம். இருவரும் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, ஐந்து வருஷத்துக்கு முன்னால் போதும் என்று விட்டுவிட்டார்கள். மாதக் கணக்குப் பார்ப்பதைக்கூடக் கனி நிறுத்திவிட்டாள். அதுவும் ஒழுங்காக வருகிற கணக்கா என்ன, வந்தால் வரும், மூன்று மாசம் வராமலும் கிடக்கும். தம்பி மாசானத்துக்குக் கப்பலில் வேலை. அவன் பெண்டாட்டி வர்ஷினிக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்கு எங்கே போவாள்? "தாய்வீடு இல்லாத பிள்ளைக்கு நாத்தனா வீடே தாய்வீடு" என்று சொல்லிக் கனிதான் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்த பிள்ளையும் சும்மா சொல்லக் கூடாது, மைனி மைனி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

வளைகாப்பைக் கனி ஒரு குறையும் இல்லாமல் செய்தாள். அஞ்சு வகைச் சாதம், பதினோரு தட்டு வரிசை, இரண்டு கைக்கும் கண்ணாடி வளையல். வர்ஷினியை மணையில் உட்கார்த்தி, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு முதல் வளையலைக் கையில் எடுத்தாள். அப்போது தெருக்காரி ஒருத்தி, பெயரெல்லாம் எதற்கு, நல்ல மனுஷிதான், "மொதல்ல புள்ள பெத்தவங்க போடட்டும் கனி, நீ பொறவு போடலாம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கனியும் மெதுவாக வளையலைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். கடைசியில் அதே மனுஷி, "அடுத்தாப்ல கனிய மணையில உக்காத்துங்க, வர்ஷி கை வளையல ரெண்டு கழட்டிப் போடுங்க, அந்த ராசி வரட்டும்" என்றாள். பிள்ளை இல்லாதவளை அப்படி உட்கார வைப்பது ஊர் வழக்கம். கனி ஏற்கெனவே நாலு வீட்டில் அப்படி உட்கார்ந்து எழுந்தவள். "கையில மாவு" என்று அடுக்களைக்குள் போய்விட்டாள். மாவும் இல்லை ஒன்றும் இல்லை, அழுகைதான்.

எல்லாரும் போனபிறகு வர்ஷினி அடுக்களைக்கு வந்தாள். வளையல் குலுங்க அவள் வருவது தெரிந்து கனி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மைனி, கையக் குடுங்க."

"எதுக்குட்டி?"

"கண்ணாடி வளையலப் போட்டு நாலு தடவ ஒண்ணும் நடக்கலல்லா? இதப் போட்டுப் பாப்போம். இதுதான் ராப்பகலா எம்புள்ளகூடப் பேசிக்கிட்டுக் கெடக்கு. ராசி இருந்தா இதுலதான் இருக்கும்." சொல்லிக்கொண்டே கையில் தேங்காயெண்ணெயைத் தடவிக் காப்பை உருவிவிட்டாள்.

"அட கூறுகெட்டவளே, நர்சம்மா என்ன சொன்னாவ? ஊரக் கூட்டிரும்."

"கூட்டுனா கழட்டிக்கிடுவோம். எனக்கும் ராத்திரி ஒரு பொழுதாவது தூங்கணும் மைனி. கண்ணு அசந்தா போதும், இடது பக்கமாத் திரும்பிப் படுக்கவும், இடது பக்கமாத் திரும்பிப் படுக்கவும்னு உசுர வாங்குதா. இப்பல்லாம் அவ வாயத் தெறந்ததுமே தூக்கத்துலயே திரும்பிருதேன்."

கனி கையை நீட்டினாள். நீட்டியிருக்கக் கூடாது. ஆனால் பதினாலு வருஷம் ஏங்கினவள் கை அது, நீளாமல் என்ன செய்யும்?

கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, எஸ்தர் போன் வரவில்லை. விளக்கு மஞ்சளாகவே எரிந்தது. வர்ஷினியிடம் இரண்டு வாரமாக மஞ்சள்தான். "பாத்தியளா, அவளுக்கே உங்களப் பிடிச்சுப்போச்சு" என்று வர்ஷினி கையைத் தட்டினாள். கனிக்கு ஆச்சரியம்தான். உப்புக்காற்று பட்டுக் கெட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். பிறகு, இருவரும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுப்பதால் வர்ஷியின் வாசம் அதற்கு எட்டுகிறதாக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள். தூங்கும்போது காப்புக்காரி அவளையும், "இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கவும்" என்று விரட்டினாள். கனி சிரித்துக்கொண்டே திரும்பிப் படுத்தாள். ஒரு கர்ப்பிணியைச் சொல்வது மாதிரி தன்னையும் ஒருத்தி சொல்கிறாளே என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இப்படியே பதினோரு ராத்திரி. சாயங்காலம் வீட்டில் விளக்கு வைத்ததும் காப்பு கனி கைக்கு வரும், காலையில் காபி போடும்போது வர்ஷினி கைக்குத் திரும்பும்.

நாலாம் நாள் விளக்கு பச்சையாக மாறியது. வீடே கொண்டாடியது. கப்பலிலிருந்து பேசின மாசானத்திடம் வர்ஷினி காப்பைக் காட்டி, "உங்க அக்கா ராசி" என்றாள். எஸ்தரும் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பிரஷர் பகல்லதான் ஏறுது, ராத்திரி நல்லா எறங்கிருதாம். அப்ப இது வெயில்லயும் விசாரத்துலயும் ஏறுத பிரஷரு, நோவு இல்ல. மையத்துலயே மஞ்சள எடுத்துட்டாவ."

"தலவலின்னு சொல்லுதா நர்சம்மா, முகமும் ஊதியிருக்கு. கையால ஒருக்காப் பாத்திருங்களேன்" என்றாள் கனி. எஸ்தர் தன் பையைத் திறந்து காட்டினாள். அதில் மாத்திரைதான் இருந்தது. "பிரஷர் பாக்குத பட்டை எங்க இருக்கு? காப்பு வந்ததும் எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கிட்டாவல்லா. இதவிட அது என்ன கூடுதலாச் சொல்லப்போவுது?"

பச்சை என்றபிறகு பேச என்ன இருக்கிறது? கனிக்கும் தைரியம் வந்துவிட்டது. ராத்திரி இறங்கின அந்தப் பிரஷர் யாருடைய பிரஷர் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. காப்பு என்றால் அவளுக்கு ராசி, அவ்வளவுதான். அது கணக்குப் பார்க்கிற யந்திரம் என்பதையே மறந்துபோனாள்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நயினார் உப்பளத்துக்குப் போய்விட்டான். கனி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே வர்ஷினி, "மைனி" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கனி போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், முகம் வெளுத்துக் கிடக்கிறது, காலடியில் கருத்த ரத்தம், ஒரு உள்ளங்கையளவு.

"வலிக்குது மைனி. விட்டு விட்டு வலிக்கல. ஒரே பிடியாப் பிடிச்சிருக்கு."

எஸ்தர் ஸ்கூட்டரில் ஏழே நிமிஷத்தில் வந்துவிட்டாள். வர்ஷினியைப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "கட்டையா இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வலி எடுத்தால் வயிறு இறுகும், பிறகு தளரும். இது தளரவே இல்லை. "புள்ள காலையில துடிச்சானா?" என்று கேட்டாள். வர்ஷினி யோசித்துவிட்டு, "தெரியல" என்றாள்.

எஸ்தர் போனை எடுத்து மையத்தைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தாள். அதே படித்த குரல். "பதினெட்டாம் எண் காப்பு. நிலை, மஞ்சள். பிரசவத்தின் இயல்பான தொடக்கமாக இருக்க வாய்ப்பு எண்பத்தாறு விழுக்காடு. வலியால் நாடி உயர்ந்துள்ளது. வண்டி வரிசையில் நீங்கள் ஐந்தாவது. காத்திருப்பு நேரம் இரண்டு மணி பத்து நிமிடம்."

"நான் நர்சு பேசுதேன். நஞ்சுக்கொடி பிரிஞ்சிருக்கு. கை வச்சுப் பாத்துட்டேன்."

"கைப் பரிசோதனை பதிவு செய்யப்பட்டது. மதிப்பெண்ணில் மாற்றமில்லை."

எஸ்தர் ஏதோ ஒரு எண்ணை அழுத்தினாள். திரையில் ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தார். பெரியாஸ்பத்திரியில் இருந்து பேசினார், கண்ணில் தூக்கமே இல்லை. எஸ்தர் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சிஸ்டர், நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா மூணு வண்டியும் மூணு சிவப்புக்குப் போயிருக்கு. ஒண்ணத் திருப்பினா அந்தம்மா செத்துப்போவாங்க. கடந்த பத்துப் பதினோரு நாள் ராத்திரிப் பதிவு முழுக்க இவங்களுக்கு நல்லா இருக்கு. அந்தப் பதிவு செல்லுபடியா இருக்கிற வரைக்கும் நான் என்ன கத்தினாலும் மையம் கேக்காது. பதிவு தப்புன்னு ஆனாத்தான் அதத் தள்ளிவைப்பாங்க. பதிவே இல்லாத கேஸ்னா நேரா சிவப்பு, உப்பூர் பக்கம் போற வண்டி உங்க வாசல் வழியாத்தான் போகணும், அது முதல்ல உங்களத்தான் ஏத்தும்."

 இப்போதுதான் கனிக்கு எல்லாம் புரிந்தது. ராத்திரிப் பதிவு. நல்லா இருக்கிற ராத்திரிப் பதிவு. பாவி, அது நான்தானே.

"அது இவ பதிவு இல்ல" என்றாள்.  "ராத்திரியெல்லாம் காப்பப் போட்டிருந்தது நான். பதினோரு ராத்திரி. எங்கிட்டதான் இருந்துச்சு. அதத் தூக்கிப் போட்டிருங்க டாக்டரய்யா, எனக்கு என்ன தண்டன வேணும்னாலும் குடுங்க, வண்டிய அனுப்புங்க."

எஸ்தர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள். பாயிலிருந்து வர்ஷினி, "நாந்தான் மாட்டிவிட்டேன், மைனிமேல தப்பில்ல" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது.

டாக்டர் பரபரவென்று எதையோ தட்டினார். "சரி, சரி, இது போதும். வேற ஆள் போட்டிருந்தாங்கன்னு மனு போட்டுட்டேன். ஒரே நிமிஷம்."

அந்த ஒரு நிமிஷத்தைக் கனி வர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு கழித்தாள். கண்ணாடி வளையல்கள் சில்லிட்டுக் கிடந்தன. வெளியே மீனைப் பூனை இழுத்துக்கொண்டு போனது, விரட்டக்கூடத் தோன்றவில்லை.

குரல் வந்தது. "பதினோரு இரவுகளின் பதிவு மறுபரிசோதனை செய்யப்பட்டது. அனைத்து இரவுகளிலும் காப்பை அணிந்திருந்தவர் கர்ப்பிணி என உறுதியாகிறது. நஞ்சுக்கொடியின் அடையாளங்கள் தொடர்ச்சியாக உள்ளன. கர்ப்பிணி அல்லாத வேறொருவர் அணிந்ததாகச் சொல்லப்படும் கூற்று ஏற்கப்படவில்லை. நிலை, மஞ்சள்."

"பொய் சொல்லுது" என்று கனி கத்தினாள். "எம் மேல சத்தியமா நான் போட்டிருந்தேன். எனக்குப் புள்ளயே கெடையாது, ஊருக்கே தெரியும். நர்சம்மா, நீங்க சொல்லுங்க, நான் மலடின்னு சொல்லுங்க."

எஸ்தர் சொல்லவில்லை. வர்ஷினியின் வயிற்றில் வைத்த கை வைத்தபடி இருக்க, அவள் கனியை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இனி இதுகூடப் பேசிப் பிரயோசனம் இல்ல. எந்த வண்டி கெடச்சாலும் கொண்டா" என்றாள்.

கிடைத்தது உப்பு லாரி. நயினார் அளத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தான். முன்சீட்டில் வர்ஷினியைக் கனியின் மடியில் கிடத்தி, எஸ்தர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். பெரியாஸ்பத்திரிக்கு நாற்பத்தேழு கிலோமீட்டர். ரயில்வே கேட் ஒன்று சாத்தியிருந்தது. நயினார் இறங்கிப்போய்க் கேட்காரனிடம் கையெடுத்துக் கும்பிட்டான். சரக்கு வண்டி, ஐம்பது பெட்டி, போய்த்தானே ஆகவேண்டும்? கனி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்ய முடியும் அவளால்? மடியில் ஈரம் பரவிக்கொண்டே வந்தது. வர்ஷினி முதலில் மாசானத்தைப் பற்றிப் பேசினாள், பிறகு தண்ணீர் கேட்டாள், பிறகு பேசவில்லை. பாதி வழியில் அவள் கையிலிருந்த காப்பு தானாகவே சிவப்பானது. "வண்டி புறப்பட்டுவிட்டது. வீட்டிலேயே இருக்கவும்" என்றது. 

வர்ஷினி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை, பெண் பிள்ளை. ரத்தம் நிற்காததால் கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று அந்தச் சின்ன வயசு டாக்டரே வந்து சொன்னார். இருபது நிமிஷம், முப்பது நிமிஷம் முந்தி வந்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் போய்விட்டார்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் கனி உட்கார்ந்திருந்தாள். சேலையில் காய்ந்த ரத்தத்தை மாற்றக்கூட இல்லை. எஸ்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கனி, கடைசியா எப்பத் தீட்டுக் குளிச்ச?"

"இப்ப எதுக்கு நர்சம்மா அது?"

"கணக்குச் சொல்லு."

கனிக்குக் கணக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு முந்தியா, பிந்தியா? "நான்தான் அதெல்லாம் விட்டுட்டேனே" என்றாள். சொன்னபிறகுதான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். பதினோரு ராத்திரியும் ஏன் அது ஊரைக் கூட்டவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

"காப்பு பொய் சொல்லல பிள்ள" என்றாள் எஸ்தர். "நீ சொன்னதும் பொய் இல்ல. ரெண்டும் நெசம். அதான் அந்தப் பிள்ளைக்கு வண்டி வரல."

கனி அழுதாள். பதினாலு வருஷமாக இந்தச் சேதியைக் கேட்கும்போது எப்படி அழுவோம் என்று நினைத்து வைத்திருந்தாளே, அந்த அழுகை இல்லை இது. வயிற்றில் கை வைத்துப் பார்க்கக்கூட அவளுக்குக் கூசியது. உள்ளே ஒருத்தி வயிறு காலியாகப் படுத்திருக்கிறாள். இவள் இதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்வாள்?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வயிறு தானாகச் சொன்னது. மாசானம் வந்தான், பதினைந்து நாள் பேயறைந்தவன் மாதிரி இருந்தான், திரும்பக் கப்பலுக்குப் போனான். அக்காவை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் கனிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வர்ஷினிக்குப் போக்கிடம் வேறு ஏது? அதே வீட்டில், அதே அறையில் இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், வேலை செய்வாள், மைனி என்று மட்டும் கூப்பிட மாட்டாள். மைய விசாரணை முடிந்து ஒரு தாள் வந்தது. யந்திரத்தில் பிழை இல்லை, பயனாளியின் தவறு என்று போட்டிருந்தது. எஸ்தர் அதைப் படித்துவிட்டு நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கனிக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. வளைகாப்பு வேண்டவே வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். காப்பு மட்டும் வேண்டாமென்று சொல்ல முடியாது, சட்டம். அதையும் இப்போது மாற்றிவிட்டார்கள். எண்ணெய் போட்டாலும் உருவ முடியாதபடி கையை ஒட்டிப் பூட்டிக்கொள்ளும், பிரசவம் ஆனபிறகுதான் சாவி. எஸ்தர் அதை மாட்டும்போது வர்ஷினி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "க்ளிக்" என்று சத்தம் கேட்டதும் அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு தலை நிமிராமலே, "இறுக்கமா இருக்கான்னு பாத்துக்கிடுங்க நர்சம்மா" என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் அறையில் படுத்திருந்தார்கள். பாய் இப்போது இரண்டு, நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருக்கும். வர்ஷினி அந்தப் பக்கம் பார்த்துத் தூங்கிவிட்டாள். கனிக்குத் தூக்கம் வரவில்லை. மல்லாந்து படுத்து கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை துடித்தது. அது துடிக்கும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாகவே வரும், எது எதுவென்று பிரிக்கத் தெரியாது.

"மல்லாந்து படுக்க வேண்டாம்" என்றது அந்தக் குரல். "இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கவும்."

கனி அசைவதற்கு முன்னால் அடுத்த பாயில் வர்ஷினி புரண்டாள். கண் திறக்கவில்லை. நல்ல தூக்கத்திலேயே, மெள்ள, வயிற்றுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

கனி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். காப்பு இரண்டாம் தடவையும் சொன்னது.